நுண்ணலை வெப்பமும் திசுவின் பதமும்

உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட திசு, இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்தே தன் சொந்த நொதிகளாலும் நுண்ணுயிர்களாலும் சிதையத் தொடங்குகிறது. அச்சிதைவைத் தடுத்து, செல்களின் வடிவம் மாறாமல் காப்பதற்கு நிலைப்படுத்தல் என்று பெயர். ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீராகிய ஃபார்மலின், புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி இதைச் செய்ய வல்லது என்பதை 1893இல் ஃபெர்டினாண்ட் புளூம் எடுத்துக்காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து சென்றோர் மும்பையின் தாராவியில் வேரூன்றச் செய்த தோல் பதனிடும் தொழிலும், புரதத்தைப் பிணைத்து அழுகலைத் தடுக்கும் இதே நெறியில்தான் நிற்கிறது. தோல் பதனிட உதவும் குளூட்டரால்டிஹைடே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான திசுவையும் நிலைப்படுத்துகிறது.

ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. ஆழமே ஊடுருவும், உள்ளே சென்றபின் பிணைப்பு முழுமையடைய மேலும் பல மணி நேரம் வேண்டும். தாராவி மக்கள் நாடும் சயான் மருத்துவமனை போன்ற பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளாயினும், மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் சிறிய பரிசோதனைக் கூடங்களாயினும், பயாப்சி முடிவு தாமதமாவதற்கு இக்காத்திருப்பும் ஒரு காரணம். நுண்ணலை வெப்பத்தால் இதைச் சுருக்க முடியும் என்று 1970இல் மேயர்ஸ் காட்டினார். 1985இல் ஆஸ்திரேலியாவின் லியோங் குழுவினர் அம்முறையை ஒளி நுண்ணோக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கி இரண்டுக்கும் விரித்தனர். நுண்ணலை அடுப்பில் நொடிக்கு 245 கோடி முறை அலையும் மின்புலம் திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைப்பதால், வெப்பம் வெளியிலிருந்து மெல்லப் பரவாமல் திசுவுக்குள்ளேயே பிறக்கிறது. திசு உப்புநீரில் இருந்தால் அவ்வெப்பமே புரதத்தை உறையச் செய்கிறது; ஃபார்மலினில் இருந்தால் ஊடுருவலையும் வேதிவினையையும் விரைவுபடுத்துகிறது.

இம்முறையைக் கையாண்டவர்களின் அனுபவம் முதலில் கற்பிப்பது, அளக்க வேண்டியது நேரத்தை அன்று, வெப்பநிலையை என்பதாகும். உப்புநீர் முறையில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பொதுவாக ஏற்கத்தக்கது. அதைத் தாண்டினால் செல்கருக்கள் சுருங்கிக் கறுத்து, சைட்டோபிளாசத்தில் வெற்றுக்குமிழிகள் தோன்றும். குறைந்தால் துண்டின் நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். 100 மி.லி. நீர் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 420 ஜூல் வேண்டும். எனவே அடுப்பின் 700 வாட் திறன் முழுவதும் நீரில் இறங்குவதாகக் கொண்டால், குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் இருக்கும் நீரை 55 டிகிரிக்குக் கொண்டுவரும் 20 நொடிகள், மும்பையின் மே மாதத்தில் 30 டிகிரியில் தொடங்கும் நீரை 63 டிகிரிக்கு ஏற்றிவிடும். ஆகவே கரைசலின் அளவும் தொடக்க வெப்பநிலையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்து, சூடேறி முடிந்தவுடன் கரைசலைக் கலக்கி வெப்பமானியால் அளந்து குறித்துவைப்பது நல்லது.

அடுத்தது அடுப்பின் இயல்பை அறிவது. சாதாரண வீட்டு அடுப்புகளில் பாதி ஆற்றல் என்று வைத்தாலும் அலை உண்டாக்கும் மேக்னெட்ரான் முழு வலுவில் சிறிது நேரம் இயங்கிச் சிறிது நேரம் ஓய்வதால், குறுகிய நேரச் சூடேற்றலில் கிடைக்கும் வெப்பம் ஒரே சீராக இராது. அடுப்பினுள் சூடான இடங்களும் ஆறிய இடங்களும் உண்டு. ஒரே அளவு நீருள்ள சிறு பீக்கர்களைப் பல இடங்களில் வைத்துச் சூடேற்றி, வெப்பநிலைகளை ஒப்பிட்டால் அவை புலப்படும். திசுவை 2 அல்லது 3 மி.மீ. தடிப்புக்கு மேற்படாமல் சீராக வெட்டுவதும், உலோக மூடியில்லாத பிளாஸ்டிக் கேசட்டில் பென்சிலால் எண் எழுதுவதும் தவிர்க்கக்கூடாதவை.

பாதுகாப்பில் சமரசத்துக்கு இடமில்லை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதைச் சூடேற்றினால் ஆவி பெருகும். ஆகையால் உப்புநீரைப் பயன்படுத்துவதோ, ஆவியை வெளியேற்றும் அமைப்புள்ள ஆய்வக அடுப்பைப் பயன்படுத்துவதோ வேண்டும். சைலீன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை வீட்டு அடுப்பில் ஒருபோதும் வைக்கலாகாது. ஆய்வகத்துக்கு வந்த அடுப்பு மீண்டும் உணவுக்குப் போகலாகாது.

இறுதியாக, உப்புநீரில் சூடேற்றிய திசுவில் சிவப்பணுக்கள் சிதைந்து காணப்படும் என்பதையும், மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகளை அறியும் சோதனைக்குத் திசு 6 முதல் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுவதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே திசுவின் ஒரு பாதியை நுண்ணலையிலும் மறுபாதியை வழக்கமான முறையிலும் பதப்படுத்தி, இரு ஸ்லைடுகளையும் நோயியல் மருத்துவர் ஒப்பிட்டு ஏற்ற பிறகே புதிய முறையை நோயாளிகளின் மாதிரிகளுக்கு விரிக்கலாம். வெந்து கெட்ட பயாப்சியை மீட்க வழியில்லை. மறு பயாப்சிக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டியவர் தாராவியின் தொழிலாளி என்பதால், மிச்சமாகும் சில மணி நேரத்தைவிட இந்த எச்சரிக்கையே பெரிது.