மாஸ்க் போட்டால் பலன் உண்டா?

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பேசும்போது வரும் நுண்துளிகளோ மூடிய அறையில் புகைபோல மிதக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பாட்டுப் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் ஒருவரிடமிருந்து 52 பேருக்குக் கொரோனா தொற்றியதாகக் கணக்கிட்டார்கள். அதனால் முதலில் ஜன்னலைத் திறங்கள்!

“மாஸ்க் பற்றிய ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லையே” என்பார்கள் சிலர். அந்த ஆய்வுகளில் மாஸ்க் வாங்கிய பலர் அதைச் சரியாகப் போடவே இல்லை.

துணி மாஸ்க் ஓரளவுதான் தடுக்கும், என்95 வகை மாஸ்க் நல்லது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, மூச்சை வேகமாக விடுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது, மறுபடி அழுத்துங்கள். அடர்ந்த தாடியில் மாஸ்க் ஒட்டாது.

இருமல் இருந்தால், வயதானவர்கள் உள்ள வீட்டில் தயங்காமல் போடுங்கள்.