பெரட்டு புரட்டான கதை

அன்புத் தம்பிக்கு,

பழைய பள்ளி மலர்களை ஸ்கேன் செய்து, டெசராக்டில் எழுத்தாக்கிவிட்டதாகவும், பிழைகளை இனி ஏஐ பார்த்துக்கொள்ளட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பார்த்துக்கொள்ளும். கேட்காததையும் செய்யும்.

போன மாதம் தோட்டப் பள்ளி மலர் ஒன்றின் இருபது பக்கங்களை டெர்மினலில் ஒரே கட்டளையில் மாடலுக்குத் தள்ளினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் பளிச்சென்று தமிழ் வந்து விழுந்தது. வாசித்தேன், உறுத்தவில்லை. பழக்கதோஷத்தில், பழையதையும் புதியதையும் ஒப்பிட டிஃப் (diff) போட்டேன். கழித்தல் குறியிட்ட வரியில் 'விடியுமுன் பெரட்டுக்குப் போனோம்'. கூட்டல் குறியிட்ட வரியில் 'விடியுமுன் புரட்டுக்குப் போனோம்'. ஒரு தலைமுறையே பொய் பேசப் போனதாகிவிட்டது!

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்' நம்மவர் வாயில் பெரட்டானது மாடலுக்குத் தெரியாது. 'பெரட்டு' கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறி. யூடிஎஃப்-8-இல் 21 பைட். மாடல் அதைத் துண்டுதுண்டாக நறுக்கித்தான் வாசிக்கிறது. அரிய சொல்லாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் பழகிய சொல்லுக்குச் சாய்ந்துவிடுகிறது. செம்பனையும் 'எண்ணெய்ப்பனை' ஆகியிருந்தது. மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று அதை நட்ட தென்னமரம் தோட்டம் (1917) நம் கோல சிலாங்கூரில் இருக்கிறது. அந்தச் சொல்லில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தோட்டத்து ரப்பர் குழாயைப் பொருத்துவதுபோல நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்று கணினியாளர் டக் மெக்கில்ராய் 1964-இல் எழுதினார்; யூனிக்ஸில் அது 1973-இல் வந்தது. நிரல்களை இணைக்கும் செங்குத்துக் கோட்டு (|) வரிசையில் மாடலும் ஓர் ஆள், அவ்வளவுதான். மலரில் உள்ள நன்கொடைத் தொகையைக் கூட்ட ஆக் (awk) கட்டளை இருக்கிறது, பெயர்களை அடுக்க சார்ட் (sort) இருக்கிறது. அந்த வேலைகளை மாடலிடம் கொடுக்காதீர்கள். நன்கொடையாளர் பெயர், முகவரி உள்ள பக்கங்களை வெளியே அனுப்பவே வேண்டாம். ஒல்லாமாவில் உங்கள் கணினியிலேயே ஓடும் சிறிய மாடல் போதும். மெதுவாகத்தான் ஓடும்.

நான் இப்போது செய்வது இது: தோட்டச் சொற்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் வைத்து, 'இவற்றைத் தொடாதே' என்று ஒவ்வொரு பக்கத்தோடும் அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சொல்லும் முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று கிரெப் (grep) எண்ணுகிறது. எண்ணிக்கை இடித்தால் அந்தப் பக்கம் நிற்கும்; நான் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

பெரட்டு, தண்டல், கிராணி, லயம் என்று 43 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. பாட்டியைக் கேட்டு, விட்டுப்போனதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
சுங்கை பெசாரிலிருந்து அண்ணன்