இறாலா, நவச்சாரமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் பன்னிரண்டாவது மாடி வீடு. காற்று போக ஒரே ஒரு சன்னல். என் முதல் உப்புநீர் மீன்தொட்டிக்குள் இரண்டு இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்ட மூன்றாம் நாள், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். “சம்பல் போட வேண்டிய இறாலத் தண்ணியில அழுக விட்டிருக்கியே, உனக்கு என்னடா ஆச்சு?”

பதில் என்னிடம் இருந்தது. புதுத் தொட்டியில் மீனை உடனே விட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதன் செவுளையே பொசுக்கும். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகிய பிறகுதான் மீன் வர வேண்டும். அதுவரை அவற்றுக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனிதான் அம்மோனியா. அதை எதிலிருந்து கொடுப்பது என்பதில்தான் நான் தடுமாறினேன்.

இறால் மலிவு, பசாரில் கேட்ட உடனே கிடைக்கும். ஆனால் அது எவ்வளவு அம்மோனியா தரும், எப்போது நிறுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டாம் நாள் அம்மோனியா சோதனைக் குழாயின் நிறம், ஒப்பிடும் அட்டையின் கடைசிப் பச்சைக்குப் போய்விட்டது: 8 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 8 பங்கு. கடல்நீரின் காரத்தன்மையிலும் நம் ஊர்ச் சூட்டிலும் அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடும். அளவு மீறினால் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியாவே முடங்கிவிடும். பாதித் தண்ணீரை மாற்றியும் அந்தத் தொட்டி சீராக ஏழு வாரம் ஆனது.

மீன் உணவைத் தூவினாலும் இதே கதைதான். நாற்றம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. “ஒரு டாம்செல் மீனை விடுங்க, அது தாங்கும்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தாங்கும்தான். ஆனால் அது படும் வேதனையை நாம் கண்ணால் பார்க்க வேண்டும். பிழைத்துவிட்டால் தொட்டி தனக்கே சொந்தம் என்று பின்னால் வரும் மீன்களை எல்லாம் விரட்டும். தரை துடைக்கும் அம்மோனியா திரவமும் வேண்டாம். அதில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கலாம். குலுக்கிப் பார்த்து நுரை அடங்காமல் நின்றால், தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது தொட்டிக்கு நான் தேடியது அமோனியம் குளோரைடு. இதைத் தமிழில் நவச்சாரம் என்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டதும், பழுப்பேறிய ஒரு கட்டியை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்கள். கை நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டேன். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. செம்பு சிறிதளவு இருந்தாலும் பவளமும் நத்தையும் சாகும். கடைசியில் ஆய்வுக்கூடத் தரத்தில், கலப்பில்லாத வெள்ளைத் தூளாக வாங்கினேன்.

கணக்கு எளிது. 120 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக என்னிடம் 100 லிட்டர் தண்ணீர்தான் இருந்தது. அதில் அம்மோனியா 2 பிபிஎம் வர சுமார் 0.6 கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவை வீட்டுத் தராசில் நிறுப்பது கடினம். அதனால் 6 கிராமை நல்ல தண்ணீரில் கரைத்து, மொத்தம் அரை லிட்டராக்கிப் புட்டியில் வைத்தேன். ஒரு வேளைக்கு 50 மில்லி. புட்டிமேல் பெரிதாகப் பெயர் எழுதிவிட வேண்டும். சமையலறையில் வைக்கக் கூடாது.

தீனி இருந்தால் மட்டும் போதாது, பாக்டீரியா பெருக விதையும் வேண்டும். கிள்ளானில் இருக்கும் நண்பர் தன் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி மணல் கொடுத்தார். ஈரம் காயாமல் பையில் கட்டி, கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்தே கே.எல். சென்ட்ரல் வரை கொண்டுவந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது இந்தப் பாக்டீரியாவைக் கொல்லும். ஆகவே வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடலுப்பைக் கரைத்தேன், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை. 28, 29 டிகிரி தானாகவே இருக்கும். ஆனால் சூட்டில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள்.

அம்மோனியா அரை பிபிஎம்முக்கு இறங்கிய பிறகே அடுத்த வேளை ஊற்றினேன். ஒருநாள்கூட இரண்டரை பிபிஎம்மைத் தாண்டவிடவில்லை. நைட்ரைட் ஏறும்போது பயப்பட வேண்டாம். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நன்னீரில் தாக்குவதுபோல அது மீனைத் தாக்காது. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், அது கூட்டிக் காட்டும்.

மூன்று வாரம் முடிந்தது. மாலையில் 2 பிபிஎம் ஊற்றினேன். மறுநாள் மாலை சோதனைக் குழாய் மஞ்சளாகவே இருந்தது, அதாவது அம்மோனியா இல்லை; நைட்ரைட்டும் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்தேன். கோமாளி மீன் ஜோடி கடைக்கு வர இன்னும் ஐந்து நாள் என்றார்கள். அதுவரை இரண்டு நாளைக்கு ஒருமுறை 25 மில்லி ஊற்றிவந்தேன். மீன் இல்லாத தொட்டியிலும் பாக்டீரியாவுக்குப் பசிக்கும்.

அந்த வாரம் அம்மா இறால் வாங்கிவந்தார். மொத்தமும் சம்பலுக்குத்தான் போனது.