லித்தியத்தை நிறுத்தலாமா?

என் தம்பிக்கு பைபோலார். லித்தியம் சாப்பிடுகிறான். டி.பி.டி. பழகினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஏரல்

வேண்டாம்மா. டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) மாத்திரைக்கு மாற்றல்ல, துணை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தற்கொலை எண்ணம் விடாதவர்களுக்காக உருவாக்கிய பயிற்சி அது. அதில் தம்பிக்கு உதவும் பாடம், உந்துதலுக்கு எதிராக நடப்பது. ராத்திரி இரண்டு மணிக்குப் புதுத் தொழில் தொடங்கத் தோன்றினால், விளக்கை அணைத்துப் படுப்பது! தொழில் எங்கேயும் ஓடிவிடாது. தினமும் தூங்கிய நேரத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லையென்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்று: உங்கள் ஊர் வெயிலில் தண்ணீரையும் உப்பையும் திடீரெனக் குறைக்கக்கூடாது, ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவசரத்துக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.