ஊசியை எடுக்கும் முன் கட்டைவிரலைப் பாருங்கள்

தையல் போட்டாயிற்று, குழந்தையை எழுப்ப வேண்டும். தசைத் தளர்த்தியின் பிடியை விடுவிக்க நியோஸ்டிக்மினா, சுகமாடெக்ஸா? பெரும்பாலும் விலையும் பழக்கமுமே இதைத் தீர்மானிக்கின்றன. எந்தத் தளர்த்தியைக் கொடுத்தோம், இப்போது அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பவை அல்லவா முதலில் வர வேண்டும்?

அட்ராகுரியமோ சிஸ்அட்ராகுரியமோ கொடுத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது: நியோஸ்டிக்மின்தான். சுகமாடெக்ஸ் ரொகுரோனியம், வெக்குரோனியம் மூலக்கூறுகளைத் தன் குழிக்குள் அடைத்துக்கொள்ளும் மருந்து. அட்ராகுரியம் வகையை அது தொடாது.

ரொகுரோனியம் என்றால் மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்துடிப்பு கொடுத்துக் கட்டைவிரலைப் பாருங்கள். நான்கு அசைவும் திரும்பி, நான்காவது முதலாவதற்கு ஏறக்குறைய நிகராகிவிட்டதென்றால் நியோஸ்டிக்மின் போதும்: கிலோவுக்கு 0.03 முதல் 0.07 மி.கி., கூடவே கிளைக்கோபைரோலேட் அல்லது அட்ரோபின். ஆனால் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஆழ்ந்த தளர்வில் அளவைக் கூட்டிப் பயனில்லை. அதன் வலிமைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு அசைவுதான் தெரிகிறதென்றால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி.; அதைவிட ஆழமென்றால் 4. சில நிமிடங்களில் பலன் தெரியும்.

ஆனால் இந்த அசைவுகளைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கணிப்பதை நான் நம்புவதில்லை. நான்காவது அசைவுக்கும் முதலாவதற்கும் உள்ள விகிதம் 0.4ஐத் தாண்டினாலே அசைவின் தேய்வு கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாது. நமக்குத் தேவையோ 0.9. 'தலையைத் தூக்கு' என்று கைக்குழந்தையிடம் சொல்லவும் முடியாது. அவர்களின் நுரையீரல் சேமிப்பு குறைவு, ஆக்சிஜன் செலவு அதிகம். மிச்சமிருக்கும் சிறு பலவீனம்கூடச் சட்டென்று நீலம் பாய வைத்துவிடும். எண் காட்டும் கருவி வாங்குவதே முதல் செலவாக இருக்கட்டும்.

15 கிலோ குழந்தைக்குச் சுகமாடெக்ஸ் 30 மி.கி. என்பது 100 மி.கி./மி.லி. மருந்தில் வெறும் 0.3 மி.லி.; சலைனில் 10 மி.கி./மி.லி. ஆக நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். குப்பியில் மீந்தது வீண்தான், விலை உறுத்தும். ஆனாலும் ஆழ்ந்த தளர்வில் அந்தச் செலவு நியாயம் என்பேன்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021இல் 2 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்குச் சுகமாடெக்ஸை அனுமதித்தது. கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் தவிர்ப்பது நல்லது. இதயத்துடிப்பு குறையலாம், ஒவ்வாமையும் வரலாம். அட்ரோபினும் அட்ரினலினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டான்சில் அறுவையில் சுகமாடெக்ஸ் கொடுத்தால், கொடுத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதுங்கள். இரவில் இரத்தக் கசிவென்று குழந்தை தியேட்டருக்குத் திரும்பினால் வழக்கமான அளவு ரொகுரோனியம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். அப்போது சிஸ்அட்ராகுரியம் போன்றதை எடுக்க வேண்டியிருக்கும்.