உலாவி வழி மின்னஞ்சல்: பத்து நிமிடக் கணக்கு

அஞ்சல்காரர் தரும் கடிதம் ஒட்டிய உறையோடு நம் கைக்கு வந்துவிடுகிறது. மின்னஞ்சலோ அஞ்சல் வழங்கி எனப்படும் கணினியிலேயே தங்கியிருக்கிறது. நாம்தாம் எந்த ஊரிலிருந்தும், யாருடைய கணினியிலிருந்தும், உலாவியைத் திறந்து அதனைப் படித்துக்கொள்கிறோம். 1996-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஹாட்மெயில் இம்முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதனை நிறுவிய இருவருள் ஒருவரான சபீர் பாட்டியா இந்தியாவில் பிறந்தவர்.

தோழியரே, இவ்வளவும் பாடப்புத்தகச் செய்தி. எங்களை எழுதத் தூண்டியது வேறு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் வெளிநாட்டில் பணிபுரிகிறார். அவர் எழுதிய கடிதத்தைக் கணினி அறையில் படித்துவிட்டு, அவள் அந்தப் பக்கத்தை மட்டும் மூடிச் சென்றாள். அடுத்து அமர்ந்தவள் திறந்தபோது கடிதம் அப்படியே வந்தது. உரக்கப் படித்தாள். சிரித்தவர்களுள் நாங்களும் இருந்தோம். தோழி இரண்டு நாள் கணினி அறைப் பக்கமே வரவில்லை.

மூடிய பக்கம் எவ்வாறு திறந்தது? எங்கள் ஆசிரியை வழங்கியின் அமைப்புகளைக் காட்டி விளக்கினார். அங்கே ரவுண்ட்கியூப் என்னும் இலவச மென்பொருள் இயங்குகிறது. விடுதியில் கடிதங்களை வாங்கித் தரும் அக்காவைப் போல் அது நடுவில் நிற்கிறது. ஐமேப் முறையில் 993-ஆம் வாயில் வழியே அஞ்சலைப் பெறும். 587-ஆம் வாயில் வழியே அனுப்பும். கடவுச்சொல்லை ஒருமுறைதான் கேட்கும். பிறகு குக்கி எனும் அடையாளச் சீட்டை உலாவியிடம் கொடுத்துவிடும். பக்கத்தை மூடினாலும், உலாவி முழுவதும் மூடப்படாதவரை சீட்டு அதனிடமே இருக்கும்.

அச்சீட்டு எவ்வளவு நேரம் செல்லும் என்பதை வழங்கியில் ஓர் எண் முடிவு செய்கிறது. மென்பொருளோடு வருவது 10. எங்கள் வழங்கியில் 600 என்றிருந்தது! வினாடிக் கணக்கு என்றெண்ணி யாரோ பத்து நிமிடத்திற்கு இட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே கணக்கு நிமிடத்தில். எனவே பத்து மணி நேரம். ஒரு பள்ளி நாள் முழுவதும் அதில் அடங்கிவிடுமே! ஆசிரியை அதனை 10 ஆக்கினார். எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைகுறியீட்டு வழி முன்பே சரியாக இருந்தது. ஆனால் அது வழியில் ஒட்டுக்கேட்பவரைத்தான் தடுக்கும். அடுத்த நாற்காலிக்காரியை அன்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பக்கம் திறந்தே இருந்தால், புதிய அஞ்சல் வந்ததா என்று அது 60 வினாடிக்கு ஒருமுறை வழங்கியைக் கேட்கிறது. கேட்கும்தோறும் பத்து நிமிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே திறந்து வைத்துவிட்டு எழுந்து செல்பவளை இந்த எண் காப்பதில்லை. 'வெளியேறு' என்பதை அழுத்தினால்தான் வழங்கி அச்சீட்டைச் செல்லாததாக்கும்.

இப்போது மணி அடித்ததும் ஒருத்தி ஒவ்வொரு கணினியாகப் பார்த்து வருவது எங்கள் வகுப்பின் முறையாகிவிட்டது. முதல் வாரம் அப்பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அத்தோழியே.