வெயில் வேலையும் ஓய்வு நேரமும்

ஆலையில் சங்கு ஊதினால் ஓய்வு. வயலில் சங்கு கிடையாது. வேலை வாங்குபவர் மனம் வைத்தால்தான் உண்டு. அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். அந்நாட்டின் 1938ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டம், கூடுதல் நேரக் கூலி விதியிலிருந்து பண்ணை வேலைக்கு விலக்கு அளித்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2005 கோடையில் பண்ணை ஆட்கள் சிலர் வெப்பம் தாக்கி இறந்தனர். அவ்வாண்டே அங்கு வெயில் வேலைக்கெனத் தனி விதி வந்தது. 2015இல் அது மேலும் இறுக்கப்பட்டது. வெப்பநிலை சுமார் 27 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நிழல் அமைத்துத் தர வேண்டும். ஆளுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீர் தர வேண்டும். உடம்பு சூடேறுகிறது என்று உணர்பவருக்குக் குறைந்தது 5 நிமிட ஓய்வு. 35 டிகிரியை எட்டினால் பண்ணை ஆட்களுக்கு இரண்டு மணிக்கொரு முறை 10 நிமிட ஓய்வு கட்டாயம். நம் பக்கம் சித்திரையில் 35 டிகிரி என்பது முற்பகலிலேயே வந்துவிடும்!

விலக்கும் உண்டு. விளைபொருள் ஏற்றிச் செல்லும் குளிர்சாதன லாரியை ஓட்டுபவருக்குக் கடும் வெப்பத்துக்கான கட்டுப்பாடுகள் இல்லை. அவரே மூட்டை ஏற்றி இறக்கினால் அந்த விலக்கு போய்விடும். வேலையின் பெயரைப் பாராமல் உடம்பு படும் பாட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

நம் உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கூலி விஷயம். கரும்பு வெட்டு போல அளவுக்குக் கூலி பேசிய வேலையில், உட்கார்ந்தால் வரும்படி குறையும். அதனால் ஓய்வு கொடுத்தாலும் ஆட்கள் எடுப்பதில்லை. இதை உணர்ந்தே, 2016 முதல் அளவுக் கூலி ஆட்களுக்கு ஓய்வு நேரத்துக்கும் தனியே கூலி கணக்கிட வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் செய்தது. நாமும் வேலை பேசும்போதே ஓய்வையும் சேர்த்துப் பேசிவிடலாம்.

வேலை செய்யும் தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன. வியர்வை உலர்ந்தால்தான் அது தணியும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர வட்டாரங்களில் வியர்வை எளிதில் உலராது. அங்கு வெப்பமானி காட்டுவதைவிட ஆபத்து அதிகம். வெயிலுக்குப் பழகாத புது ஆளை முதல் 14 நாள் கண்காணிக்கச் சொல்கிறது அவர்கள் விதி.

தலைசுற்றல், குமட்டல் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிற வேண்டும். பேச்சு தடுமாறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பை நனைத்துக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள்.